தெற்கே வைத்த தலை

காலை ஆறு மணிக்கு அப்பாவின் தலைமாட்டில் வைத்த காபி, சாயங்காலம் நான்கு மணிக்குத் தபிதா எடுக்கப் போனபோதும் சூடாக இருந்தது.

வெதுவெதுப்பு அல்ல, விரலைப் பொசுக்குகிற சூடு. கோப்பையின் காதைப் பிடித்தவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். தகரக் கூரையில் மழை நிதானமாகக் கொட்டிக்கொண்டிருக்க, சாத்திய ஜன்னலின் இடுக்கு வழியே மூடுபனி கசிந்து வர, மருந்து நெடியும் கிராம்பு சிகரெட்டின் பழைய வாசனையும் பலகைச் சுவரின் ஈர நாற்றமும் ஒன்றாகக் கலந்து கிடந்த அந்த மங்கிய அறையில், கோப்பையிலிருந்து மட்டும் நூலாக ஆவி எழுந்துகொண்டிருந்தது.

அப்பா எப்போதும்போலக் கிடந்தார். மேற்கே தலை, கிழக்கே கால். மார்புவரை சிவப்புக் கம்பளி, தலையில் பின்னல் தொப்பி. முகம் காய்ந்து கறுத்து, உதடு பல்லோடு ஒட்டிப்போயிருந்தது. வலது கை மட்டும் கம்பளிக்கு வெளியே, தெற்குச் சுவரை ஒட்டி, வெள்ளி மோதிரத்தோடு இருந்தது.

யாராவது வேறு காபி கொண்டுவந்து வைத்திருக்கலாம். ஆனால் அந்த அறைக்கு அடுக்களை வழியாகத்தான் வர வேண்டும், அவளோ பகல் முழுக்க அடுக்களையில்தான் இருந்தாள். ஒருவரும் வரவில்லை. பயப்பட வேண்டிய இடம்தான் அது. தபிதாவுக்கோ முதலில் வந்தது கோபம். காபி ஆறிப்போனதென்று அவள் முகத்தில் கோப்பையை வீசிய மனிதருக்கு, இப்போது பத்து மணி நேரம் ஆறாத காபி கேட்கிறதா? இடுப்புத் துணியின் நுனியால் கோப்பையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், பின்வாசல் வாழைமரத்தடியில் கொட்டினாள். மண் புகைந்தது.

ரந்தேபா ஊருக்கு மேலே எங்கள் மலையில், தபிதாவின் அப்பா தாந்திப் பெரியவர் செத்துப்போனார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவருக்கு உடம்பு சரியில்லை, அவ்வளவுதான். மூன்று வருடமாகச் சரியில்லை, உடம்பு கெடாமலிருக்க மருந்து ஏற்றியிருக்கிறது. சடங்கு வைத்து, முற்றத்தில் முதல் எருமை விழுந்து, மேற்கே கிடக்கும் தலையைத் தெற்கே திருப்பிக் கிடத்தும்வரை அவர் நோயாளி. நோயாளிக்கு மூன்று வேளை சோறு, காபி, வெற்றிலை, ஒரு சிகரெட். வருகிறவர்கள் கட்டிலோரம் உட்கார்ந்து நலம் விசாரிப்பார்கள், போகும்போது சொல்லிக்கொண்டு போவார்கள். தெற்கே திருப்பிய பிறகுதான் அவர் இறந்தவர். அதன் பிறகு எருமைமேல் ஏறிப் பூயாவுக்குப் போவார். செத்தவர்களின் ஊர் அது, தெற்கே எங்கோ இருக்கிறது.

மற்றவர்களுக்கு இந்த மூன்று வருடம் ஆறுதல். போனவரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்கு அவகாசம். தபிதாவுக்கு இது பன்னிரண்டாவது வருடம். பக்கவாதம் வந்து அப்பாவின் இடது பக்கமும் பேச்சும் போனது அதற்கும் ஒன்பது வருடம் முன்னால். அந்த ஒன்பது வருடமும் அவரை முதுகில் சுமந்தவள் அவள். குளிக்க, வெளிக்குப் போக, முற்றத்தில் வெயில் காய, ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு. அவர் வலது கை அவள் கழுத்தைச் சுற்றியிருக்கும், அவள் கைகள் பின்னால் அவர் தொடைகளைத் தாங்கியிருக்கும். பேச்சுக்குப் பதிலாக மோதிரம் இருந்தது. சுவரில் ஒரு தட்டு என்றால் காபி. இரண்டு என்றால் புரட்டிப் போடு. மூன்று என்றால் தூக்கு. சுமக்கும்போது அவள் நடை தளர்ந்தால் அவள் கழுத்தெலும்பிலேயே தட்டுவார். அந்த இடத்தில் இன்னும் காய்ப்பு இருக்கிறது.

நாற்பத்தாறு வயதில் தபிதா ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். மக்காசார் பட்டணத்தில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை. கூடப் படித்தவள் சொல்லி வைத்திருக்கிறாள். ஆகஸ்டில் அப்பாவுக்குச் சடங்கு, செப்டம்பர் முதல் தேதி வேலை. தனக்கென்று ஒரு கட்டில், சுவரில் யாரும் தட்டாத ஓர் அறை. பையைக்கூட எடுத்து வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை பாப்புவாவிலிருந்து தம்பி யூனுஸ் கூப்பிட்டான். சுரங்கத்தில் பெரிய லாரி ஓட்டுகிறவன். ரிப்கா அத்தை அப்போது அப்பாவின் கட்டிலோரம் உட்கார்ந்து அவருக்கு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். அத்தை அப்பாவின் தங்கை, முற்றத்துக்குத் தெற்கே மேட்டில் இருக்கிறது அவள் வீடு.

"அக்கா, ஆகஸ்டு ஆகாதுக்கா," என்றான் யூனுஸ். "புள்ளி எருமை அமையல. சாதா எருமையா வெட்டுனா ஊரு சிரிக்கும். இன்னும் ரெண்டு வருஷம் பொறுத்துக்க."

"நீ வந்து ஒருநா காபி போடு, அப்புறம் பொறுக்குறதப் பத்திப் பேசு," என்றாள் தபிதா.

அவன் சிரித்தான். அவள் விளையாட்டுக்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டான். வேலை நேரம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். தபிதா அந்த அறையில் வைத்தே கத்தினாள். மகன் பெருமைக்கு எருமை, மகள் முதுகு மட்டும் எருமையைவிடக் கேவலமா என்று கேட்டாள். அவர் உயிரோடு இருந்தபோதும் பிடுங்கினார், இப்போதும் பிடுங்குகிறார் என்றாள்.

அத்தை வெற்றிலையைக் கீழே வைத்தாள். "ஒடம்பு சரியில்லாதவரு முன்னால என்ன பேச்சுடி இது."

"திருப்பிப் போட்டுட்டா? அப்ப என்ன செய்வான் உங்க மருமகன்?"

அத்தை அவளை நிமிர்ந்து பார்த்தாள். சடங்கில்லாமல் யாரும் திருப்ப மாட்டார்கள் என்றாள். திருப்பியவரை மறுபடி நோயாளியாக்க முடியாது, அந்த மாதமே எதையாவது வெட்டி அனுப்பியாக வேண்டும். பிறகு குரலை இறக்கிக்கொண்டு சொன்னாள்: "எரும விழாம திருப்புனா எது மேலடி போவாரு? நடந்தா போவாரு, ஒம்பது வருஷம் நடக்க முடியாமக் கெடந்த மனுஷன்?"

தபிதா முதல் பாதியை மட்டும்தான் காதில் வாங்கினாள். அந்த மாதமே அனுப்பியாக வேண்டும்.

மதியம் அத்தை போன பிறகு அவள் அடுக்களையில் கொஞ்ச நேரம் நின்றாள். மழை விட்டிருந்தது. கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம், தூரத்தில் ஒரு பன்றியின் உறுமல், அடுப்பில் ஈர விறகு சீறுவது, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அவள் நினைப்பு மட்டும் பழைய ஒரு காலையில் போய் நின்றது. மூன்று வருடம் முன்னால், அப்பா நோயாளியான அன்று. அன்றைக்குக் காலையில்தான் அத்தை ஏதோ பேச்சுவாக்கில் சொன்னாள், இருபது வருடத்துக்கு முன்னால் தபிதாவைப் பெண் கேட்டு வந்த பள்ளிக்கூட வாத்தியாரிடம் அப்பா, இவளுக்கு மூளை கொஞ்சம் குறைவு, உங்களுக்குத் தொந்தரவு என்று சொல்லி அனுப்பிவிட்டார் என்று. வாத்தியார்தான் மனம் மாறிவிட்டார் என்று இருபது வருடம் நம்பிக்கொண்டிருந்தவள் தபிதா. அன்று அவள் மரவள்ளிக் கிழங்கை எடுத்துவைத்து உரிக்க ஆரம்பித்தாள். சுவரில் தட்டு கேட்டது. மூன்று. தூக்கு. அவள் உரித்தாள். மறுபடி மூன்று. உரித்தாள். மதியம்வரை மூன்று மூன்றாகக் கேட்டது, வேகமாக, பிறகு மெதுவாக, பிறகு இரண்டோடு நின்று மூன்றாவதற்கு நேரம் எடுத்துக்கொண்டு. பிறகு இல்லை. தபிதா நிம்மதியாக மூச்சு விட்டாள். அந்த நிம்மதியை அவள் யாரிடமும் சொன்னதில்லை, கோவிலில் மண்டியிட்டும் சொன்னதில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

கட்டிலைப் பிடித்து இழுத்தாள். பலகைத் தரையில் கால்கள் கிறீச்சிட்டன. அப்பா இவ்வளவு லேசாக இருப்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை, ஒரு கட்டுச் சுள்ளியின் கனம்கூட இல்லை. இவரையா தூக்கித் தூக்கி முதுகெலும்பு தேய்ந்தது என்று அதற்கும் ஒரு கோபம் வந்தது. தெற்குச் சுவரோடு கிடந்த கட்டிலைச் சுழற்றிக் கிழக்குச் சுவரோடு சேர்த்துத் தள்ளினாள். தலை தெற்கே. கால் வடக்கே. மூச்சு வாங்க நின்று அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"நீ செத்துட்டே," என்றாள். "மூணு வருஷமாச்சு. நாந்தான் வரல. போய்ச் சேரு."

மூன்று வருடமாக அந்த வீட்டில் யாரும் வாயால் சொல்லாத சொல் அது. சொன்னதும் அறைக்குள் ஏதோ மாறியது. சத்தம் குறைந்தது. கூரையில் சொட்டிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பனி அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. தலைமாட்டு முக்காலியில் காலையில் வைத்த காபி இருந்தது. தொட்டுப் பார்த்தாள். ஆறிப்போயிருந்தது, மலைச்சுனைத் தண்ணீரைப்போலச் சில்லென்று. அவளுக்குச் சிரிப்பு வந்தது. செத்தவர்களின் காபி ஆறத்தானே வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டாள்.

பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகத் தனக்கென்று மட்டும் காபி போட்டுக்கொண்டு, அடுப்புக்கும் சுவருக்கும் இடையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். நாளைக் காலை அத்தையைக் கூப்பிட்டுக் காட்டலாம். அத்தை அழுவாள், ஊர் கூடும், யூனுஸ் விமானம் ஏறி வருவான், கிடைத்த எருமையை வெட்டுவார்கள். திட்டுவார்கள், திட்டட்டும். செப்டம்பரில் மக்காசார்.

தட்டு கேட்டது.

முதுகுக்குப் பின்னால். ஒன்று.

பழைய தட்டு எப்போதும் அவள் படுக்கிற அறைச் சுவரில்தான் கேட்கும். இது அடுக்களைச் சுவர். ஏன் இங்கே என்று யோசித்தவளுக்கு, யோசித்து முடிக்கும் முன்பே விடை தெரிந்துவிட்டது. கட்டிலைத் திருப்பியது அவள்தான். தலை தெற்கே போனால் வலது கை கிழக்கே வரும். கிழக்குச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் அடுக்களை. பலகையின் கனம் ஒரு விரல்கூட இருக்காது. அவள் தோளுக்கு நேரே.

எலியாக இருக்கும். ஈரத்தில் பலகை உப்பி முனகும், அது வழக்கம்தான். தபிதா காபியைக் குடித்தாள்.

இரண்டு.

உலோகம் மரத்தில் படும் சத்தம். எலிக்கு மோதிரம் கிடையாது.

இரண்டு. புரட்டிப் போடு. மறுபடி இரண்டு. திருப்பு. திருப்பு. நிதானமாக, எண்ணி எண்ணி, அந்தக் காலத்துப் பொறுமையின்மை இல்லாமல். அதுதான் தாங்கவில்லை. அப்பா ஒருநாளும் இப்படிக் கெஞ்சித் தட்டியதில்லை.

"முடியாது," என்றாள் தபிதா சுவரைப் பார்த்து. குரல் கீச்சென்று வந்தது. "திருப்புனது திருப்புனதுதான். தட்டு. தட்டிக்கிட்டே இரு. அன்னைக்கே நான் வரல."

தட்டு நின்றது.

அவள் காத்திருந்தாள். விறகு சீறவில்லை. பன்றி உறுமவில்லை. தன் மூச்சு மட்டும். பிறகு, சுவருக்கு அந்தப் பக்கம், கட்டில் கால் ஒன்று கிறீச்சென்றது. பாரம் இறங்கும்போது எழுகிற சத்தம். சுள்ளிக்கட்டுக்கு அவ்வளவு பாரம் கிடையாது.

மூன்று.

சுவரில் அல்ல. கதவில். உட்பக்கம். தாழே, தவழ்கிற குழந்தையின் கை எட்டுகிற உயரத்தில்.

தபிதா ஓடினாள். ஓடுகிற ஓட்டத்தில் தன் அறையிலிருந்து பையை எடுத்தது அவளுக்கே தெரியாது, வாசற்படி தாண்டிய பிறகுதான் கையில் இருப்பதைப் பார்த்தாள். துணிப்பை, இரண்டு பாவாடை, ஒரு சட்டை. வடக்கே இறங்கினால் சந்தி. சந்தியில் ஆறு மணிக்கு மக்காசார் பேருந்து. செப்டம்பர் எதற்கு, இன்றைக்கே போகலாம். வந்து பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், காபி போடுகிறவர்கள் போடட்டும். கண்ணில் நீர் வந்தது, அதுவும் ஆத்திரத்தில்தான்.

பனி தரையோடு படுத்திருந்தது. பாதையின் சரளைக்கல் மட்டும் காலுக்கு முன்னால் ஒரு முழம் தெரிந்தது. இறக்கம்தான். இருநூறு அடி நடந்திருப்பாள், மூச்சு வாங்கியது. இறக்கத்தில் ஏன் மூச்சு வாங்குகிறது என்று நினைத்தாள். முழங்கால் கனத்தது. பை கனக்கிறதென்று நினைத்தாள். பனியில் நனைந்திருக்கும், தோளை அழுத்துகிறது, இடுப்பை வளைக்கிறது, இறக்கி வைத்து ஒரு நிமிடம் நின்றால் சரியாகும்.

பை கையில் இருந்தது.

பை அவள் வலது கையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. லேசாக. ஆடிக்கொண்டு.

முதுகில் இருந்தது பை அல்ல.

மருந்து நெடி முதலில் வந்தது, பிறகு கிராம்பு. கனம் இன்னும் கூடியது. அவள் இழுத்துத் திருப்பிய காய்ந்த கனம் அல்ல அது. பழைய கனம். ஒன்பது வருடம் தெரிந்த கனம், இடது பக்கம் துவண்டு வலது பக்கம் இறுக்குகிற கனம். அவள் விரல்கள் தாமாகவே பிரிந்தன. பை சரளையில் விழுந்தது. கைகள் பின்னால் போயின, அவளைக் கேட்காமல், பழகிய இடத்துக்குப் போய், பழகியபடி கோத்துக்கொண்டன. உள்ளங்கையில் கம்பளி. கம்பளிக்குள் தொடையெலும்பு.

பிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

கழுத்தின் பக்கவாட்டில் மூச்சு பட்டது. சூடான மூச்சு, விரலைப் பொசுக்குகிற சூடு. காபி வாசனை.

கால் திரும்பியது. சந்திக்கு எதிர்ப்பக்கம். மேட்டுப் பக்கம். தெற்கே. அவள் மனதால் வடக்கே நடந்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள், ஏற்றம் எதிரே வந்துகொண்டேயிருந்தது. தன் வீடு கடந்தது. வாசல் திறந்து கிடந்தது, அடுப்பின் சிவப்பு தெரிந்தது, யாரும் இல்லை. முற்றம் கடந்தது.

மேட்டில் ரிப்கா அத்தை வாசலில் விளக்கோடு நின்றிருந்தாள். பொழுது சாயும் நேரத்தில் அவள் கோழிகளைக் கூப்பிட வெளியே வருவாள். கையில் அரிசி வைத்த தட்டு. தபிதா கத்தினாள். வாய் திறந்தது, தொண்டை அசைந்தது, குரல் வரவில்லை. இன்னும் நான்கு அடி. மூன்று. விளக்கு வெளிச்சம் முகத்தில் விழும் தூரம். அத்தை, என்னப் பாருங்க அத்தை. இங்க. கீழ.

அத்தை பார்த்தாள். தபிதாவின் தலைக்கு ஒரு சாண் மேலே பார்த்தாள். விளக்கைத் தணித்து, தட்டை இடுப்பில் ஒதுக்கிக்கொண்டு, பயணம் போகிற பெரியவர்களுக்கு வழிவிடும் மரியாதையோடு ஓரமாக ஒதுங்கினாள்.

"என்ன அண்ணே," என்றாள் மெதுவாக, "எரும கெடச்சிருச்சா?"

பாதை அங்கிருந்து இன்னும் மேலே போனது. கல்லறைப் பாறை வரைதான் அதைத் தபிதாவுக்குத் தெரியும். பனியில் பாறை வந்தது, செத்தவர்களின் மர உருவங்கள் கைகளை நீட்டிக்கொண்டு நின்றன, கடந்தன. அதற்கப்பாலும் பாதை இருந்தது. அவள் நடை தளர்ந்தது.

கழுத்தெலும்பில், அந்தக் காய்ப்பின்மேல், மோதிரம் மூன்று முறை தட்டியது.